ஒரு லிட்டர் எஞ்சினில் 120 ஹெச்பி நிஜமா? மாமாவின் மஸ்டாங்கும் அப்பாவின் புது காரும்

மதுரை திருநகரில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா ஓய்வு பெறப் போகிறார், வீட்டுக்குக் கார் வாங்க வேண்டும். பார்த்து வைத்திருப்பது மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் வண்டி, 120 ஹெச்பி என்று போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் மாமா ஐந்து லிட்டர் எஞ்சின் போட்ட ஃபோர்டு மஸ்டாங் கார் வைத்திருப்பவர். அவர் போனில் சொன்னது: "அது தையல் மெஷின் மோட்டார்டா. காகிதத்துலதான் 120. அஞ்சு வருஷத்துல எஞ்சின் கையை விரிச்சிரும். பெரிய எஞ்சின்தான் எஞ்சின்." மாமா சொல்வது சரியா என்பது கேள்வி.

பெரிய எஞ்சினா சின்ன எஞ்சினா என்று கேட்டிருந்தாலும் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, அந்த 120 நிஜமா, நிஜம் என்றால் எப்போது கிடைக்கும்? இன்னொன்று, அவ்வளவு சக்தியை ஒரு லிட்டரில் இருந்து பிழிந்தால் எஞ்சின் எத்தனை வருஷம் தாங்கும்? முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்லலாம். இரண்டாவதில் பாதி உறுதி, பாதி என் அனுபவம். எது எது என்று பிரித்தே சொல்கிறேன். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு 27 வருஷமாகப் பழங்காநத்தம் பக்கம் பட்டறை வைத்திருப்பவன். சின்ன எஞ்சின்களை நூற்றுக்கணக்கில் பிரித்துப் பூட்டியிருக்கிறேன். எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினைக் கையால் பிரித்தது ஒரே ஒரு தடவை, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்க மசில் கார்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் படித்தும் படித்தவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டது.

முதலில் காற்று. எஞ்சினுக்குள் பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அது கஷ்டமே இல்லை. அது எரிய வேண்டுமே! ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். ஆகவே எந்த எஞ்சினின் சக்தியும் கடைசியில் ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறது என்பதில் வந்து நிற்கும். ஒரு லிட்டர் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு லிட்டர் காற்று குடிக்கும். நிமிஷத்துக்கு 5,000 சுற்று (ஆர்பிஎம்) என்றால் நிமிஷத்துக்கு 2,500 லிட்டர். ஐந்து லிட்டர் எஞ்சின் அதே வேகத்தில் 12,500 லிட்டர் குடிக்கும். மாமா சொல்வதன் வேர் இதுதான், இதில் தப்பே இல்லை.

டர்போ அந்தக் கணக்கில்தான் கை வைக்கிறது. சைலன்சர் வழியாக வீணாகப் போகிற சூடான புகையைக் கொண்டு ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அது சுற்றும் வேகம் நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுகள் வரை போகும். வெளியில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் ஒரு பார். அதற்கு மேல் இன்னொரு பார் அமுக்கினால், அதே ஒரு லிட்டருக்குள் கிட்டத்தட்ட இரண்டு லிட்டர் காற்று போய்விடும். டர்போ இல்லாத நல்ல இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு 120, 140 ஹெச்பி என்பது சாதாரணம். ஆக உங்கள் வண்டியின் 120 ஹெச்பியில் மாயமோ பொய்யோ இல்லை. டெஸ்ட் பெஞ்சில் அளந்து, சான்றிதழ் வாங்கிப் போடுகிற எண் அது.

சொல்லப்போனால் காகிதக் கணக்கு அதிகம் நடந்தது பழைய மசில் கார் காலத்தில்தான். 1964-இல் போன்டியாக் ஜிடிஓ 6.4 லிட்டர் வி8-உடன் வந்தது, 325 ஹெச்பி. கிரைஸ்லரின் 426 ஹெமி ஏழு லிட்டர், 425 ஹெச்பி. அன்றைக்கு அமெரிக்காவில் அளந்த முறைக்கு 'கிராஸ்' என்று பெயர். ஏர் ஃபில்டர் இல்லாமல், வண்டியின் சைலன்சர் இல்லாமல், ஆல்டர்னேட்டர் சுமை இல்லாமல் எஞ்சினைத் தனியாக ஓடவிட்டு அளப்பார்கள். 1972 வாக்கில் எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் 'நெட்' முறைக்கு மாறியதும் எண்கள் மளமளவென்று இறங்கின. கூடவே புகைக் கட்டுப்பாடு வந்தது, ஈயம் இல்லாத பெட்ரோலுக்காகக் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் அளவை, குறைத்தார்கள், 1973-இல் எண்ணெய் நெருக்கடி வேறு. 1976 காடிலாக் எல்டொராடோவில் இருந்தது 8.2 லிட்டர் எஞ்சின், அதன் சக்தி 190 ஹெச்பி. இன்றைக்கு நம் ஊரில் ஓடும் ஹூண்டாய் 1.5 லிட்டர் டர்போ 160 தருகிறது. அதன் கொள்ளளவு 1,482 சிசி. நம் பழைய அம்பாசடர் பெட்ரோல் எஞ்சின் 1,489 சிசி, தந்தது சுமார் 50 ஹெச்பி. கிட்டத்தட்ட ஒரே அளவு டப்பா, மூன்று மடங்கு சக்தி. சிசியை மட்டும் பார்த்து எஞ்சினை எடை போட முடியாது என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம்.

ஆனால் மாமா சொன்னதில் இன்னொரு பாதி இருக்கிறது. அதை அப்படியே தள்ளிவிடக் கூடாது. 120 இருக்கிறது, சரி. எப்போது இருக்கிறது?

வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது பாருங்கள். வண்டியில் ஐந்து பேர், டிக்கி நிறையப் பை, ஏசி ஓடுகிறது. கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வருகிறது, நீங்கள் ஒதுங்கி வேகத்தைக் குறைக்கிறீர்கள். செகண்ட் கியரில் எஞ்சின் 1,200 ஆர்பிஎம்முக்கு இறங்கிவிட்டது. இப்போது ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி, ஒன்றரை நொடி ஒன்றுமே நடக்காது. புகை குறைவு, அதனால் டர்போ சுற்றவில்லை. டர்போ சுற்றாததால் காற்று இல்லை, காற்று இல்லாததால் புகை இல்லை. அந்த நொடியில் உங்கள் கையில் இருப்பது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின். டர்போ இல்லாத ஒரு லிட்டர் எஞ்சின் முழு மூச்சில் தரும் டார்க், அதாவது இழுவை, 90 நியூட்டன் மீட்டர்தான், 1,200-இல் அதுவும் வராது. பின்சீட்டில் இருப்பவர்கள் "என்னப்பா, வண்டி பின்னால போகுது" என்பார்கள். 1,800 தொட்டதும் டர்போ விழித்துக்கொண்டு குபீரென்று தள்ளும். ஐந்து லிட்டர் வி8-இல் இந்தக் கதையே கிடையாது. எந்த ஆர்பிஎம்மில் மிதித்தாலும் இழுவை அங்கேயே காத்திருக்கும். மசில் கார் ஓட்டியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது கண் மின்னுவது அதனால்தான், சத்தத்துக்காக மட்டும் அல்ல. மாமா அனுபவித்துச் சொல்கிறார்.

அதே மலைப்பாதையில் இன்னொன்றும் நடக்கிறது, அது சின்ன எஞ்சினுக்குச் சாதகம். மதுரை கடல் மட்டத்தில் இருந்து சுமார் 100 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குகூட இருக்காது. டர்போ இல்லாத எஞ்சின், அது ஒரு லிட்டரோ ஐந்து லிட்டரோ, ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சக்தியை மலைக்குக் காணிக்கை செலுத்திவிட்டுத்தான் ஏறும். டர்போ எஞ்சினில் கம்ப்யூட்டர் உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்து, குறைந்த அளவுக்கு டர்போவைக் கூடுதலாகச் சுற்றவிடும். அதனால் இழப்பு மிகக் குறைவு. கொண்டை ஊசியில் முன்கூட்டியே ஃபர்ஸ்ட் கியருக்கு இறக்கிவிடத் தெரிந்த டிரைவர் என்றால், டர்போ வண்டி மலையில் சந்தோஷமாக ஏறும்.

மைலேஜ் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான்குவழிச் சாலையில் திருமங்கலம், விருதுநகர் என்று 90-இல் போகும் சாதாரணக் காருக்கு 20 ஹெச்பிக்குப் பக்கத்தில் போதும். 400 ஹெச்பி எஞ்சினிடம் 20 மட்டும் கேட்டால் அது காற்று வரும் கதவை (த்ராட்டில்) ஏறக்குறைய மூடிக்கொண்டு, மூச்சை அடக்கி ஓட வேண்டும். அப்படி ஓடுவதிலேயே பெட்ரோல் வீணாகும். அதனால்தான் பெரிய எஞ்சின்களில் தேவையில்லாதபோது பாதி சிலிண்டரை நிறுத்தும் வசதியை வைத்தார்கள். சின்ன எஞ்சினுக்கு 20 ஹெச்பி என்பது இயல்பான வேலை. ஆனால் அதையே 130, 140 என்று விரட்டினால், எஞ்சினைச் சூட்டில் இருந்து காப்பாற்றக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். அப்போது விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் கனவுதான். வரி இன்னொரு காரணம்: நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள் எஞ்சின் என்றால் இப்போது 18 சதவீத ஜிஎஸ்டி, மீறினால் 40 சதவீதம். நம் நாட்டில் இத்தனை ஒரு லிட்டர், 1.2 லிட்டர் டர்போக்கள் வந்ததில் பொறியாளருக்கு எவ்வளவு பங்கோ அவ்வளவு பங்கு இந்த வரிக்கும் உண்டு.

இனி ஆயுள். நான் பிரித்த அந்த ஒரு வி8-ஐ இங்கே சொல்ல வேண்டும். பதினைந்து வருஷம் இருக்கும். காரைக்குடி பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டில் 1939 ஃபோர்டு வி8 முப்பது வருஷமாக நின்ற இடத்திலேயே நின்றது. 3.6 லிட்டர், எட்டு சிலிண்டர், 85 ஹெச்பி. ஹெட்டைக் கழற்றினால் அதில் வால்வே கிடையாது, கனமான தோசைக்கல் மாதிரி தட்டையாக வந்தது. வால்வெல்லாம் பிளாக்கிலேயே சிலிண்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். சிலிண்டர் சுவரில் விரல் நகத்தை வைத்து மேலே இழுத்தால் உச்சியில் ஒரு விளிம்பு தட்டியது, ரிங் ஓடித் தேய்ந்த இடம் அங்கே முடிகிறது. பிஸ்டன்கள் துருவில் பிடித்திருந்தன. ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி மூன்று நாள் ஊறவிட்டோம். நான்காம் நாள் காலையில் முன்னால் கம்பியைப் போட்டுச் சுற்றினேன். 'கிர்ர்' என்று ஒரு சத்தம், அப்புறம் வெண்ணெய் மாதிரி சுற்றியது. ரிங்கும் வால்வு வேலையும் செய்து, புது ஆயில் ஊற்றி, இரண்டு வாரத்தில் ஓடவிட்டோம். அந்த வீட்டுப் பெரியவர் வாசலில் நின்று அழுதுவிட்டார், சின்ன வயதில் அதில் பள்ளிக்கூடம் போனவர்.

அந்த எஞ்சின் ஏன் அப்படி மன்னித்தது? கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.6 லிட்டரில் 85 ஹெச்பி என்றால் லிட்டருக்கு 24-தான். அம்பாசடருக்கு லிட்டருக்கு 34. இந்தியாவில் விற்ற மஸ்டாங் ஐந்து லிட்டருக்கு 400 சொச்சம், லிட்டருக்கு 80. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வண்டியில் லிட்டருக்கு 120. டார்க் கணக்கிலும் அதேதான்: மஸ்டாங் 515 நியூட்டன் மீட்டர், லிட்டருக்கு 103. உங்கள் ஒரு லிட்டர் டர்போ 170-ஐ ஒட்டி. அதாவது ஒவ்வொரு பிஸ்டன் தலையிலும் விழும் சராசரி அடி மஸ்டாங்கில் விழுவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஏ45 எஸ் வண்டியில் வெறும் இரண்டு லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின் 421 ஹெச்பி, 500 நியூட்டன் மீட்டர் தருகிறது. மஸ்டாங்குக்குச் சரிசமமான சக்தி, ஆனால் லிட்டருக்கு 210. அந்த எஞ்சினுக்குள் இருக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூவும் அந்த அடிக்காகவே செய்தது, விலையும் அப்படித்தான்.

அதற்காகப் பழைய எஞ்சின் என்றால் சாகாவரம் பெற்றது என்று நினைக்க வேண்டாம். நான் தொழில் பழகிய காலத்தில் அம்பாசடர் ஒரு லட்சம் கிலோமீட்டர் தொடுவதற்குள் ரிங் மாற்ற வருவது, போர் பண்ண லேத்துக்குப் போவது எல்லாம் சகஜம். பழசு எளிதாகத் தேயும், எளிதாகச் சரியாகும். புதுசு தேய்வது குறைவு, ஆனால் கெட்டால் பணம் கேட்கும். இன்றைய சின்ன டர்போவில் பிஸ்டனுக்கு அடியில் இருந்து ஆயிலைப் பீய்ச்சிக் குளிரவைக்கிறார்கள். பெட்ரோலை 200 பாருக்கு மேல் அழுத்தத்தில் நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கிறார்கள், அது ஆவியாகும்போது உள்ளே இருக்கும் காற்று குளிர்கிறது. அதனால் நாக்கிங், அதாவது கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது, குறைகிறது. மீறி எங்காவது தட்டினால் சென்ஸார் கேட்டுவிடும், அடுத்த சுற்றிலேயே கம்ப்யூட்டர் தீப்பொறி விழும் நேரத்தை (டைமிங்) பின்னுக்கு இழுத்துவிடும். இத்தனை காவல் இருப்பதால்தான் லிட்டருக்கு 120 சாத்தியமாகிறது.

சின்ன டர்போ சீக்கிரம் போய்விடும் என்பவர்களுக்கு நம் ஊரிலேயே ஒரு பதில் இருந்தது. 1.3 லிட்டர் டீசல், 1,248 சிசி, 75 ஹெச்பி, 190 நியூட்டன் மீட்டர். ஸ்விஃப்ட் டிசையர், இண்டிகா விஸ்டா என்று மாட்டுத்தாவணிக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் ஓடிய டாக்ஸிகளில் பாதி அந்த எஞ்சின்தான். ஹெட்டைக் கழற்றாமலே மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டிகளை நானே சர்வீஸ் செய்திருக்கிறேன். ஆனால் ஒன்று: டீசல் எஞ்சின் பிறக்கும்போதே அதிக அழுத்தத்துக்காகத் தடிமனாக வார்க்கப்படுவது, டர்போவுக்குப் போகும் புகையின் சூடும் பெட்ரோலைவிடக் குறைவு. டீசல் இவ்வளவு ஓடியது, ஆகவே பெட்ரோல் டர்போவும் ஓடும் என்று சொல்ல முடியாது. ஒரு லிட்டர் பெட்ரோல் டர்போக்கள் நம் சாலையில் கூட்டமாக வந்தே சில வருஷங்கள்தான் ஆகின்றன. என்னிடம் வருபவற்றில் ஒரு லட்சத்தைத் தாண்டி நன்றாக ஓடுபவை நிறைய இருக்கின்றன. மூன்று லட்சம் ஓடியதை நான் இன்னும் பார்க்கவில்லை. மாமாவின் 'அஞ்சு வருஷம்' என்பது தப்பு, அதை உறுதியாகச் சொல்வேன். பதினைந்து வருஷம் வருமா என்பதற்கு இப்போதைக்கு யார் அடித்துச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

கெட்டுப்போய் வந்தவை எதனால் கெட்டன என்று மட்டும் சொல்ல முடியும், அதில் சந்தேகம் இல்லை. போன வருஷம் மேலூரில் இருந்து ஒரு மூன்று சிலிண்டர் டர்போ வண்டி கயிறு கட்டி வந்தது, 61,000 கிலோமீட்டர். கடைசி ஆயில் மாற்றி 22,000 கிலோமீட்டர் ஆகியிருந்தது. இடையில் ஆயில் குறைந்ததற்கு ரோட்டோரக் கடையில் கிடைத்த கெட்டியான 20டபிள்யூ-50 ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றினேன். ஆயில் ஓடி வரவில்லை, கறுப்பு அல்வா மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. பம்பு உறிஞ்சும் ஜல்லடையில் பாதி அடைப்பு. டர்போ தண்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினால் மேலும் கீழும் ஆடியது. அந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆயில் படலத்தின் மேல் தண்டு மிதக்க வேண்டும், ஆட்டமே தெரியக் கூடாது. அந்த வண்டி வைத்திருந்தவர் இதற்கு முன் இருபது வருஷம் டர்போ இல்லாத பழைய கார் ஓட்டியவர். அந்தக் கார் இதே பழக்கத்தைத் தாங்கிக்கொண்டது. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. விற்றவர்கள் சன்ரூஃபைக் காட்டியிருக்கிறார்கள், ஆயில் கிரேடைச் சொல்லவில்லை.

இன்னொரு பழக்கம் நம் பக்கம் ரொம்ப உண்டு. மைலேஜுக்காக டாப் கியரிலேயே 40-இல் உருட்டுவது, வண்டி திணறினாலும் கியரைக் குறைக்காமல் ஆக்ஸிலேட்டரை அழுத்துவது. பழைய எஞ்சினில் அது கொஞ்சம் தட்டிவிட்டு விட்டுவிடும். நேரடியாகப் பெட்ரோல் தெளிக்கும் சின்ன டர்போவில் அது ஆபத்து. குறைந்த ஆர்பிஎம்மில் முழு அழுத்தம் விழும்போது, சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும் ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி, பிளக் தீப்பொறி போடுவதற்கு முன்னாலேயே பற்றிக்கொள்ளும். மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டன் மேல் அந்த வெடி விழும். ரிங் உட்காரும் விளிம்பு உடைந்துபோகும் அளவுக்கு அடி. உலகம் முழுக்க இந்தப் பிரச்சினை வந்த பிறகுதான் அமெரிக்க பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ-யிடமிருந்து 2018-இல் எஸ்என் பிளஸ், 2020-இல் எஸ்பி என்று புது ஆயில் தரங்களே வந்தன. அதனால் டப்பாவில் 'எஸ்பி' இருக்கிறதா, உங்கள் வண்டிப் புத்தகத்தில் போட்ட கிரேடு இருக்கிறதா என்று பார்த்து ஊற்ற வேண்டும். சில ஒரு லிட்டர் எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டே ஆயிலுக்குள்தான் ஓடுகிறது. தப்பான ஆயில் அந்த பெல்ட்டின் ரப்பரை அரித்து, துகளைக் கொண்டுபோய் ஜல்லடையில் சேர்க்கும். வாங்கப் போகும் வண்டியில் செயினா, வெளி பெல்ட்டா, ஆயிலுக்குள் ஓடும் பெல்ட்டா என்று கேளுங்கள். கேட்டால் ஷோரூமில் முழிப்பார்கள், சர்வீஸ் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

பெரிய எஞ்சின் செத்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 1966-இல் ஃபோர்டு ஏழு லிட்டர் வி8 வைத்து லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் பிடித்தது. சரியாக ஐம்பது வருஷம் கழித்து, 2016-இல், அதே ஃபோர்டு அதே பந்தயத்தில் தன் பிரிவில் மறுபடி ஜெயித்தது. இந்த முறை எஞ்சின் 3.5 லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ. பாதி அளவு! இருபத்துநாலு மணி நேரமும் மிதித்து ஓட்டியும் தாங்கியது. மாமாவிடம் இதைச் சொல்லலாம். மஸ்டாங்கிலேயே 2015 முதல் 2.3 லிட்டர் நான்கு சிலிண்டர் டர்போ வருகிறது, 310 ஹெச்பி என்பதையும் சொல்லலாம். அவருக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் ஐந்து லிட்டரை இன்னும் விற்கிறார்கள், வாங்க ஆள் இருக்கிறது. நொடிக்கு எத்தனை தடவை எஞ்சினில் தீ விழுகிறது என்பது உடம்புக்குத் தெரியும். 800 ஆர்பிஎம் ஐட்லிங்கில் வி8-இல் நிமிஷத்துக்கு 3,200 தடவை, மூன்று சிலிண்டரில் 1,200 தடவை. சிக்னலில் நிற்கும்போது உங்கள் வண்டியின் ஸ்டியரிங் லேசாக அதிர்வதும், மாமாவின் வண்டி ஆழமாக உறுமுவதும் அந்த வித்தியாசம்தான். அந்த சுகத்துக்கு நான் மறுப்பே சொல்ல மாட்டேன். அந்த ஃபோர்டு வி8 முதல் தடவை பிடித்துக்கொண்டு ஓடியபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். உங்களுக்கு முன்னால் இருப்பது டர்போவா மஸ்டாங்கா என்ற தேர்வு இல்லை. டர்போவா, டர்போ இல்லாத சாதாரண 1.2 லிட்டர் பெட்ரோலா என்பதுதான் தேர்வு. மாமா சொன்ன நியாயம், அதாவது எஞ்சினிடம் கொஞ்சமாகக் கேட்டால் அது நிறைய மன்னிக்கும் என்பது, அந்த 1.2-க்கு அப்படியே பொருந்தும். லிட்டருக்கு 70 ஹெச்பிதான் அதனிடம் கேட்கிறார்கள். டர்போ இல்லை, அமுக்கிய காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் இல்லை, பெரும்பாலும் பெட்ரோல் தெளிப்பதும் பழைய முறையில் வால்வுக்கு வெளியே. அப்பா ஓய்வு பெற்றவர், திருநகரில் இருந்து திருப்பரங்குன்றம் கோயில், பழங்காநத்தம் மார்க்கெட், வாரத்துக்கு ஒரு தடவை அண்ணாநகர் என்று ஓட்டப் போகிறார் என்றால், எஞ்சின் சரியாகச் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிடும் ஓட்டம் அது. நேரடித் தெளிப்பு டர்போவுக்கு அந்த ஓட்டம் ஒத்துவராது. எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும், வால்வு முதுகில் கரி படியும். அவருக்கு நான் 1.2-ஐத்தான் சொல்வேன், பணமும் மிச்சம். அப்படியில்லை, நீங்களும் ஓட்டுவீர்கள், மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு கொடைக்கானலோ தேக்கடியோ சென்னையோ போகும் பழக்கம் என்றால் டர்போவை வாங்குங்கள். முழு வண்டியோடு லாரியைத் தாண்டும்போது அந்த 170 நியூட்டன் மீட்டர் உயிரைக் காப்பாற்றும் விஷயம்.

எதை வாங்கினாலும், டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் நான்கு பேரைக் கூட்டிக்கொண்டு போய், ஏசியைப் போட்டு, காளவாசல் மேம்பாலத்தில் ஏறும்போது செகண்ட் கியரில் வண்டியை வேண்டுமென்றே மெதுவாக்கி, அப்புறம் மிதித்துப் பாருங்கள். அப்பாவை ஓட்டச் சொல்லிப் பாருங்கள். டர்போ விழிக்கும் அந்த ஒரு நொடி அவருக்குத் தொந்தரவாக இருந்தால் கியர் போடும் வேலையை வண்டியே பார்த்துக்கொள்ளும் ஆட்டோமேடிக்கைக் கேளுங்கள். ஆயிலை கம்பெனி 10,000 கிலோமீட்டர் என்று சொன்னாலும் டர்போவுக்கு நான் 7,500-இல் மாற்றச் சொல்வேன். இது என் கருத்துதான், நம் ஊர் வெயிலையும் தூசியையும் நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதையும் பார்த்துச் சொல்வது. ஆண்டுக்கு 5,000-தான் ஓடுகிறது என்றாலும் வருஷத்துக்கு ஒரு முறை கட்டாயம் மாற்ற வேண்டும். மாதம் ஒரு தடவை காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, விட்டு, மறுபடி எடுத்துப் பாருங்கள். அளவு குறைந்தால் மட்டும் கவலை என்று இல்லை, போன தடவையைவிட ஏறியிருந்தாலும் கவலைதான், பெட்ரோல் கலக்கிறது என்று அர்த்தம். கொடைக்கானல் ஏறி முடித்து வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாமல், எல்லோரும் இறங்கி ஸ்வெட்டரைத் தேடி எடுக்கும் வரை எஞ்சின் ஐட்லிங்கில் ஓடட்டும் என்று அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.